போணிச் சிரிப்பு

சாத்தங்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரியின் கிழக்கு வாசலுக்கு எதிரே கடை வைத்திருந்த வெள்ளத்துரை, ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைச் சிரிக்கச் சொன்னார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிறகு அவள் முகத்தை விட்டு இறங்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எதையெல்லாம் மறந்துவிட்டு ஓடிவருவார்களோ அதையெல்லாம் விற்கிற கடை அது. வாளி, கப்பு, பிளாஸ்க், கோரைப்பாய், ரொட்டி, பிள்ளைக் குல்லா, உள்ளே மர அலமாரியில் மெல்லிய வெள்ளை மல் துணி. அந்த மல் துணியை இரண்டு காரியத்துக்குத்தான் வாங்குவார்கள். பிறந்த பிள்ளையைப் பொதிந்து வாங்குவதற்கு, இல்லையென்றால் பிறந்து தங்காத பிள்ளையைப் பொதிந்து கொண்டுபோவதற்கு. துணியும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான், வாங்குகிற கைதான் வேறு. பிறந்த பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் துணியை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார்கள், இதைவிட மெத்தென்று இருக்கிறதா என்று கேட்பார்கள், கையோடு குல்லாவும் சோப்பும் கேட்பார்கள். மற்றவர்கள் துணியைத் தொடமாட்டார்கள். அளவைச் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற வெள்ளத்துரைக்கு, முகத்தைப் பார்க்காமலே எந்தக் கை எதற்கு வந்திருக்கிறது என்று சொல்லத் தெரியும்.

அன்றைக்கு வந்த அந்தப் பெண், பேச்சியம்மாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தெரு முக்கில் இருந்த அத்தனை கடைக்காரர்களுக்கும் போணியில் நம்பிக்கை உண்டு. நாளின் முதல் வியாபாரம் சிரித்த முகத்தோடு ஆகவேண்டும், தூக்கி வைத்த முகத்தோடு ஆனால் பொழுதுக்கும் ஈ ஓட்டவேண்டியதுதான் என்பார்கள். அதனால் முதலில் வருகிற பெண்களைப் பார்த்துச் சிரிம்மா என்று சொல்வது பால் காய்ச்சுவது போல, வாசல் தெளிப்பது போல அங்கே ஒரு விடிகாலை வேலை. முதலில் வருகிறவன் ஆணாக இருந்தால் யாரும் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்று வெள்ளத்துரை அதுவரை யோசித்தது கிடையாது.

அவர் துணியைக் கிழித்து, மடித்து, நீட்டினார். அவள் வாங்கக் கை நீட்டியபோது ஒரு முனையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். எல்லாரிடமும் செய்கிற விளையாட்டுத்தான்.

“என்னம்மா, விடிஞ்சும் விடியாம மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டு. போணி நேரம். கொஞ்சம் சிரிம்மா.”

அவள் துணியை இழுத்தாள். அவர் விடவில்லை. அவள் முதல் முறையாக அவரைப் பார்த்தாள், அப்புறம் துணியைப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள். அவர் முனையை விட்டுவிட்டு, “அப்படி. இப்பம் பாரு, மகாலெச்சுமி கணக்கா இருக்கே” என்றார்.

வியாபாரம் அன்றைக்கு அமோகமாக நடந்தது. உச்சிப்பொழுதில் கிழக்கு வாசலிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. அதில் ஒரு வாலிபன் மடியில் வெள்ளைப் பொதி ஒன்றை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். பொதி அசையவில்லை. பக்கத்தில் பேச்சி இருந்தாள். காலையில் வெள்ளத்துரை எந்தச் சிரிப்பைப் பார்த்தாரோ அதே சிரிப்போடு, அதே அளவு உதடு பிரிந்து, அதே இரண்டு பல் தெரிய, நேரே அவர் கடையைப் பார்த்தபடி போனாள். வெள்ளத்துரை ஒரு வாளியை எடுத்து அதன் உள்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினார். ஆட்டோ போய் வெகுநேரம் ஆகியும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் ஊரில் நடந்தது பிறகு துண்டு துண்டாக முக்குக்கு வந்து சேர்ந்தது. ஆண்கள் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தார்கள். துக்கம் கேட்க வந்த பெண்கள், அவளைக் கட்டிக்கொண்டு அழ நீட்டிய கைகளை, முகத்தைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டு முற்றத்தோடு திரும்பினார்கள். அழட்டும் என்று வெங்காயம் நறுக்கி முகத்தருகே பிடித்தார்கள். கண்ணீர் தாராளமாக வந்தது, சிரிப்பின் இரண்டு ஓரத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கியது. சிரிப்பு அப்படியே இருந்தது. கோயிலில் திருநீறு போட்டார்கள். நரம்பு டாக்டர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு கோளாறும் இல்லை, நாளாவட்டத்தில் சரியாகும் என்று மாத்திரை எழுதினார். மாமியார் கன்னத்தில் அறைந்தாள், அறை வாங்கிய கன்னமும் சிரித்தது. இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் விளக்கேற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுப் பிறகு வருகிறேன் என்றான். அண்ணன் பெண்டாட்டிக்கு அப்போது ஏழாம் மாதம். அவள் இந்த முகத்தைப் பார்க்கப் பயந்து கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். பேச்சி அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறிச் சாத்தங்குறிச்சிக்கே திரும்பி வந்து, கிழக்கு வாசலுக்கு எதிரே இருந்த ஓடைப் பாலத்தில் உட்கார்ந்தாள். அவள் தன் பிள்ளையைக் கண்ணால் பார்த்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். அதைவிட்டால் அவளுக்குப் போக இடமில்லை.

முதல் இரண்டு நாள் முக்கில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் இட்லிக் கடை லூர்து அவளைக் கூப்பிட்டுத் தட்டுக் கழுவ வைத்துக்கொண்டாள். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்க இடமும் கொடுத்தாள். அந்த வாரம் லூர்துவின் இட்லி பத்து மணிக்குள் தீர்ந்தது. வருகிறவர்கள் பேச்சியின் முகத்தைப் பார்த்து, உள்ளே வார்டில் தங்கள் ஆள் எப்படிக் கிடந்தாலும் ஒரு நிமிஷம் நல்லபடியாக நினைத்துக்கொண்டு, இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்கள். டீ மாஸ்டர் செய்யதுதான் முதலில் அதைக் கண்டுபிடித்தவர். லூர்துவிடம் வந்து, நாளைக்கு விடியவும் அந்தப் பிள்ளையை முதல் டீ குடிக்க என் கடைக்கு அனுப்பு, சும்மா ஒரு போணிக்கு என்று கேட்டார். மறுநாள் பழக்கடைக்காரர் கேட்டார். அடுத்து மருந்துக் கடை. ஒரே காலையில் அவள் எல்லாக் கடைக்கும் முதல் ஆளாக வர முடியாது என்று சண்டை வந்தபோது, ஒரு அட்டையில் கிழமை போட்டுக் கடைப் பேர் எழுதி லூர்து கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். அப்போது செய்யது வெள்ளத்துரையைப் பார்த்து, “திங்கக்கிழம உமக்கு, அண்ணாச்சி. என்ன?” என்றார்.

வெள்ளத்துரை வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தார். “சரி” என்றார்.

இப்படித்தான் ஊர் அந்தச் சிரிப்பைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. செல்போன் கடைத் திறப்புக்கு அவளைக் காரில் கூட்டிப்போய் ரிப்பன் வெட்டச் சொன்னார்கள். ஜவுளிக்கடைக்காரர்கள் படம் பிடித்துச் சுவரில் ஒட்டினார்கள். ஆதார் எடுக்கிற இடத்தில் மட்டும் சிரிக்காமல் இருங்க என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். சாவு வீடு இருக்கிற தெரு வழியாக அவள் போனால் சிறுவர்கள் ஓடிவந்து சுற்றிப் போகச் சொன்னார்கள், அவளும் சுற்றிப் போனாள். இரவு டூட்டி முடித்துக் கால் வீங்கி வெளியே வருகிற நர்சுகளைப் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள், “அந்தப் பிள்ளையப் பாருங்க சிஸ்டர், எந்நேரமும் எப்படி இருக்கு. நீங்களும் இருக்கியளே” என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு நாள் ஒரு நர்சு நின்று, அவளுக்கு என்ன நடந்தது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். தெரியுமே, பிள்ளை தங்கவில்லை, பாவம் என்றார்கள். சொல்லிவிட்டு, ஆனாலும் பாருங்க, அந்தத் துக்கத்திலும் முகம் சுளிக்கவில்லை என்றார்கள்.

எல்லாருக்கும் எல்லாம் தெரியும். சிரிக்கச் சொன்னது யார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

வெள்ளத்துரை தனக்குள் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று காலையில் சொல்லிக்கொள்வார். மல் துணி என்றதும் பிள்ளை பிறந்த வீடு என்று நினைத்தேன், யாராயிருந்தாலும் நினைப்பார்கள். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும் அந்தப் பேச்சு தானாகக் கலைந்துவிடும். அவள் துணியைத் தொடவில்லை. குல்லா கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்தாள். துணியைக் கிழிக்கும்போதே தன் கைக்குத் தெரிந்துவிட்டது. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது என்று யாரிடம் போய்ச் சொல்ல. தெரிந்தே, போணி கெட்டுவிடக் கூடாது என்றுதான் சொன்னார். ஒரு பிளாஸ்க்கும் நாலு வாளியும் விற்பதற்காக.

ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு மனைவி கோமதியிடம் சொன்னார்.

“அந்தப் பிள்ளையச் சிரிக்கச் சொன்னது நான்தான்.”

கோமதி ரசத்தை ஊற்றினாள். “நீங்க சொல்லாத பொம்பள யாரு? என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் அதத்தான சொன்னிய, கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னன்னு.”

“நீ சிரிச்சியே.”

“சிரிச்சேன். எனக்கு அன்னைக்கு நூத்திரண்டு காய்ச்சல்.”

முப்பது வருஷத்தில் அவள் அதைச் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போனவர், கேட்காமல் சோற்றைப் பார்த்தார். கோமதி அப்பளத்தை அவர் தட்டில் வைத்துவிட்டு, “அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன?” என்றாள்.

அவர் போகவில்லை. திங்கட்கிழமைகள்தான் அவரிடம் வந்தன. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கதவைத் தூக்கியதும் பேச்சி வந்து நிற்பாள். ஒரு சீப்போ, ஊக்கோ, பொட்டுக் கடலைப் பொட்டலமோ வாங்குவாள். அவர் அவள் முகத்துக்குக் கீழே, கழுத்துப் பக்கமாகப் பார்த்துப் பொருளைக் கொடுப்பார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு திங்களும் நினைப்பார். சொன்னால் சிரிப்பு இறங்கிவிடுமோ என்று அடுத்த நினைப்பு வரும். இறங்கட்டும் என்று ஒரு மனசு சொல்லும்போது, இறங்கினால் முக்கு என்ன ஆகும், கடை என்ன ஆகும் என்று இன்னொன்று அடியில் கிடந்து கேட்கும். அந்த இரண்டாவது குரலைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை, அதன் பேச்சைத்தான் அவர் கேட்டுக்கொண்டும் இருந்தார். மழை வந்து போனது, வெயில் வந்தது, மறுபடி மழைக்கு மேகம் கூடியது.

அந்தத் திங்கட்கிழமை பேச்சி வந்து, சீப்பைப் பார்க்கவில்லை, ஊக்கைப் பார்க்கவில்லை.

“மல் துணி வேணும் அண்ணாச்சி. அன்னைக்குக் குடுத்த அதே அளவு” என்றாள்.

கிழமையும் மாசமும் தலைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார, வெள்ளத்துரைக்கு வருஷம் திரும்பிவிட்டது தெரிந்தது. அலமாரியிலிருந்து துணிச் சுருளை எடுத்து மேஜையில் விரித்தார். ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வைத்தார். அதற்கு மேல் கிழிக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்தார். கிழிக்க வரவில்லை. ரோட்டில் முதல் பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. செய்யது பாய்லரில் தண்ணீர் ஊற்றினார். துணியைப் பிடித்தபடியே வெள்ளத்துரை அவள் முகத்தை, ஒரு வருஷத்துக்குப் பிறகு, நேராகப் பார்த்தார். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. ஓயாமல் வெளியே இருந்ததில் அந்த இரண்டு பல்லும் பழுப்பேறிக் கிடந்தன. ஊரே பார்த்த சிரிப்பில் இதை யாரும் பார்க்கவில்லையே என்று நினைத்தார். தானும் பார்க்கவில்லை.

அந்தக் கடையில் மல் துணி வாங்க வருகிற எல்லாரிடமும் துணியைத் தொடுவதற்கு முன்பே அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. போன வருஷம் அவளிடம் மட்டும்தான் அதைக் கேட்கவில்லை. கேட்காதது ஏன் என்று அவருக்குத் தெரியும்.

“என்ன பிள்ளைம்மா?” என்றார்.

பேச்சி விரித்த துணியைப் பார்த்தாள்.

“பொண்ணு” என்றாள். அப்புறம், யாரோ மூடியைத் திறந்துவிட்டது போல, சிரித்த வாயோடேயே சொல்லத் தொடங்கினாள். தலை நிறைய முடி, அண்ணாச்சி. நெத்தி வரைக்கும். எங்க அம்மைக்கு அப்படித்தான். வலது காதுல மடல் கொஞ்சம் மடங்கி இருந்துச்சு, நான் நிமித்தி விட்டேன், திரும்ப மடங்கிச்சு. ரெண்டு மணி நேரம் இருந்தா. ஒரு தடவ கொட்டாவி விட்டா. பேரு வைக்கல, ஆனா நான் மனசுல ஒண்ணு வச்சிருந்தேன். அவள் அந்தப் பேரையும் சொன்னாள். சொல்லச் சொல்ல இடது ஓரத்தில் உதடு மெல்லத் தளர்ந்தது. காய்ந்துபோன சுண்ணாம்பு சுவரை விட்டு விலகுவது போல அது விலகியது. கொட்டாவியைச் சொன்னபோது வலது ஓரமும் இறங்கியது. பேரைச் சொன்னபோது பல் மறைந்தது.

“நான் தெரிஞ்சேதாம்மா சொன்னேன்” என்றார் வெள்ளத்துரை. “போணிக்காக.”

“தெரியும் அண்ணாச்சி. துணி கிழிக்கும்போது நீங்க என் கையத்தான் பாத்திய.”

“அப்பம் ஏம்மா சிரிச்ச?”

“நீங்க துணிய விடலயே.” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். “உள்ள அவ துணியில்லாம வெறும் மேலோட கெடந்தா. சிரிச்சாத்தான் விடுவியன்னு தெரிஞ்சிது. சிரிச்சேன்.”

அவர் துணியைக் கிழித்தார். அந்தச் சத்தம் முக்கு முழுக்கக் கேட்டது. மடித்து, இரண்டு கையாலும் அவள் கையில் வைத்து, வைத்த உடனே தன் கையை எடுத்துக்கொண்டார். பேச்சி அந்தத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷம் தேங்கிய அழுகை. குரல் எழுந்து ஆஸ்பத்திரிச் சுவரில் மோதித் திரும்பியது. லூர்து கரண்டியோடு வெளியே வந்தவள், கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வாசலில் நின்ற இரண்டு நர்சுகளும் வந்தார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் முற்றத்தோடு மடங்கிப்போன கைகளுக்குப் பதிலாக, முன்பின் அறியாத கைகள் அந்த நடுரோட்டில் அவளைச் சுற்றிக்கொண்டன. கடைக்காரர்கள் அவரவர் கதவைப் பாதி தூக்கிய நிலையில் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“விடியக் காலைல என்னத்தவே சொல்லித் தொலைச்சீரு அவகிட்ட?” என்றார் பழக்கடைக்காரர். இனிமேல் இந்த முக்கு விளங்கின மாதிரிதான் என்று அவர் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்துப் பேச்சி முகம் கழுவிக்கொண்டு, துணியை மடியில் செருகிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். எந்த ஊர் பஸ் என்று லூர்துவிடம் மட்டும் சொன்னாள். சிரிப்பு இல்லாத முகத்தில் அவள் எல்லாரையும் போல, கொஞ்சம் களைத்த, மூக்கு சிவந்த ஒரு பெண்ணாக இருந்தாள். ஜவுளிக்கடைச் சுவரில் இருந்த படத்தைத் தாண்டிப் போனபோது அது வேறு யாரோ என்றுதான் தோன்றியது. செய்யது டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் இல்லாத மனுஷர் அவர், இருபது வருஷத்துப் பழக்கத்தில் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“போற நேரத்துல என்னம்மா மூஞ்சி இது. கொஞ்சம் சிரி.”

பேச்சி நின்று திரும்பி அவரைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். மேல் கையிலிருந்து கீழ்க் கைக்கு இறங்கிக்கொண்டிருந்த டீ இரண்டு கைக்கும் நடுவே அப்படியே நின்றது. அவள் பஸ் ஏறி, பஸ் பாலம் தாண்டி மறையும்வரை அது அந்தரத்தில் ஒரு பழுப்புக் கயிறாக நின்றது. செய்யதும் நின்றார். பெஞ்சில் இருந்தவர்கள் காத்திருந்து, டீ மறுபடி இறங்கிய பிறகு குடித்துவிட்டுப் போனார்கள். சூடு குறையவில்லை என்றார்கள்.

அன்றைக்கு வெள்ளத்துரை கடைக்கு வெகுநேரம் யாரும் வரவில்லை. அவர் பேச்சியை நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டது நல்லதுதான், அவளுக்கு விடுதலை என்று ஒரு தடவை நினைத்தார். அவளுக்காகக் கேட்டோமா, தாங்க முடியாமல் நமக்காகக் கேட்டோமா என்று உடனே இன்னொன்று கேட்டது. ஒரே ஒரு கேள்வி. அதற்கு ஒரு வருஷம். எத்தனையோ திங்கட்கிழமை அவள் வந்து அவர் எதிரே நின்றாள். வழக்கு முடியவில்லை, முடிகிற மாதிரியும் தெரியவில்லை.

உச்சிக்கு மேல் ஒரு ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும், லுங்கியும் கசங்கிய சட்டையும், கடுகடுத்த முகம். மல் துணி என்றார். ரோட்டைப் பார்த்தார். சிரிக்கச் சொல்லும் சொல் வெள்ளத்துரையின் தொண்டைவரை வந்தது. ஆணிடம்கூட, இன்றைக்குக்கூட வருகிறதே என்று அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு துணியைக் கிழித்தார். என்ன பிள்ளை என்று கேட்கவும் பயமாக இருந்தது. மடித்து இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அந்த ஆள் துணியை வாங்கி, மெதுவாகத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். யாரும் சொல்லாமலே சிரித்தார்.

வெள்ளத்துரை ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, அவருக்கு முதுகு காட்டித் திரும்பி, அதன் உள்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினார்.